பொருக்கு

நான்கு காலும் வெள்ளையாக இருக்கிற குதிரை பார்வைக்கு அழகு. பராமரிக்கிறவனைக் கேட்டால் வேறு நிறம் பார்த்து வாங்கச் சொல்வான். வெள்ளை மயிருக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக, பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி மெலிசாக இருக்கும். நுவரெலியாவில் வருஷத்தில் பாதிக்கு மேல் தரை ஈரம்தான். அந்த ஈரத்தில் முதலில் கெடுவது அந்தத் தோல்.

லோயர் ஐயா, நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள். தமிழிலேயே எழுதலாம் என்றும் சொன்னீர்கள். அதற்கு நன்றி. என் சிங்களம் சந்தையில் கரட் வாங்கப் போதும், இதற்குப் போதாது. முதலிலிருந்து என்றால் எங்கள் குதிரை ரூபியின் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொலிசில் அதைச் சொல்ல ஆரம்பித்தபோது, குதிரைக் கதை எதற்கு, பெண்சாதி கதையைச் சொல் என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் பழனியாண்டி. வயது ஐம்பத்தாறு. நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அதே லயத்து வரிசை வீட்டில், அதே காம்பிரா அறையில் இன்றுவரை குடியிருக்கிறேன். இருபத்தைந்து வயது வரைக்கும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினேன். பிறகு டவுனில் சரிபுதீன் முதலாளியிடம் குதிரை பார்க்கிற வேலைக்கு வந்தேன். முதலாளிக்கு பஜாரில் துணிக்கடை இருக்கிறது. அதோடு, ஏரிக்கரைக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சுற்ற ஐந்து குதிரைகளும் வைத்திருக்கிறார். அதில் ரூபி பந்தயத்தில் ஓடி முழங்கால் கெட்டு வந்தவள். செம்பட்டை உடம்பு, நான்கு காலும் வெள்ளை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். ரூபிக்கு இரண்டும் வேண்டும். அவள் கடிக்காத ஆள் நான் ஒருவன்தான்.

போன ஐப்பசி மழையில் அவளுக்குச் சேற்றுப்புண் வந்தது. குளம்புக்கு மேலே, பின்பக்கக் குழியில், முதலில் மயிர் ஒட்டிக்கொள்ளும். பிறகு சின்னச் சின்னப் பொருக்காகக் கட்டும். பொருக்குக்கு அடியில் மஞ்சளாக நீர் கசியும். கவனிக்காமல் விட்டால் கால் உலக்கை மாதிரி வீங்கி, குதிரை நொண்டும். நான் கவனிக்காமல் விடவில்லை. தினமும் விடியக்காலையில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, ஒவ்வொரு பொருக்காக நகத்தால் தூக்கி உரித்தேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். அடுத்த நாள் புதுப் பொருக்கு கட்டியிருக்கும். அதையும் உரித்தேன். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். பொருக்கு உரிப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது ஐயா. முழுசாக, ஓரம் கிழியாமல் ஒரே துண்டாக வரும்போது வேலை செய்த மாதிரி இருக்கும். ஆனால் புண் மட்டும் ஆறவில்லை. நாலு காலுக்கும் பரவிவிட்டது.

தை மாதம் முதலாளி ஒரு மிருக வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தனுஷிகா என்று பெயர். கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்காது. அன்று ஞாயிற்றுக்கிழமை. என் சம்சாரம் சண்முகவடிவும் எனக்குச் சோறு கொண்டுவந்தவள் அங்கேயே நின்றாள். டொக்டர் ரூபியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, இத யாரு உரிக்கிறது?"

"நாந்தாங்க. தினமும்."

"அதாங்கண்ணே ஆறமாட்டேங்குது. ஒருக்கா நல்லா ஊறவச்சு, தானா வர்றத மட்டும் எடுத்துட்டு, மருந்து போட்டு, துடைச்சுக் காயவச்சிட்டு விட்டுடணும். பொறவு கை வைக்கப்படாது. நீங்க உரிக்க உரிக்க உள்ள இருக்கிற புதுத் தோலும் சேந்து வருது. தண்ணி அடிச்சுக் கழுவுறதையும் நிப்பாட்டுங்க. காஞ்ச எடத்துல கட்டுங்க. அவ்வளவுதான்."

முதலாளி என்னைப் பார்த்தார். வடிவுதான் சிரித்தாள். "நல்ல கூத்துதான் போங்க. மூணு மாசமா அந்தப் புண்ண இவருல்ல வளத்திருக்காரு." டொக்டரும் சிரித்துவிட்டார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது. வெளியே காட்டவில்லை.

டொக்டர் சொன்னபடி செய்தேன். கொட்டகையில் ரூபி நிற்கிற தடுப்புக்குள் மரத்தூள் கொட்டி, ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டேன். ஊசி போட்டார்கள். மயிரைக் கத்தரித்து, மருந்துத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை கழுவி, துவாயால் ஒற்றி, முதலாளி வீட்டிலிருந்து முடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து காயவைத்தேன். பிறகு கை வைக்கவில்லை. கை வைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். மூன்று வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்து, அடியில் தோல் மூடியிருந்தது. ஒரு புண்ணை எப்படி ஆற்றுவது என்பது அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. லயத்தில் யாருக்கு அட்டைக்கடி புண்ணானாலும் அதற்குப் பிறகு என்னிடம் வந்தார்கள். எல்லாருக்கும் ஆறியது.

இனி வடிவைப் பற்றி எழுதுகிறேன்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். ஏழெட்டு வருஷமாகச் சீனி வருத்தம், சர்க்கரை நோய், இருந்தது. மாதம் ஒருமுறை கிளினிக் போய் மாத்திரை எடுப்பாள். கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் என் பெட்டியில்தான் இருக்கும். அவள் மறதிக்காரி, அதனால் நான் வைத்துக்கொண்டேன். கேட்டால் கொடுப்பேன், எதற்கு என்று மட்டும் கேட்பேன். நான் கடைசியாக அவளை அடித்தது எங்கள் மகள் சர்மிளா பெரிய பிள்ளையான வருஷம். அதற்குப் பிறகு கை நீட்டியதே இல்லை. பக்கத்துக் காம்பிரா வீரம்மாவிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

சர்மிளா கட்டிப்போன இடம் வத்தளை. மருமகன் விஜிதரன் அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. இந்த வருஷம் சர்மிளாவுக்குத் தலைப்பிரசவம். ஏப்ரல் சீசன் முடிந்து சனம் குறைந்த ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடிவு சொன்னாள்.

"சர்மிளா கூப்பிடுறா. நான் போறேங்க."

"போ. எத்தன நாளைக்கி?"

"நாளு இல்லீங்க. இனிமே அங்கேயே இருந்துக்கிறேன்."

நான் என்ன செய்வது என்று கேட்டேன். சோறாக்கத் தெரியாதா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தவள் மாதிரி சொன்னாள். வேலையிலும் பெயர் வெட்டச் சொல்லிவிட்டாளாம், தோட்டத்துத் துரைக்குக் கடிதம் கொடுத்து பதினாலு நாள், இரண்டு கிழமை ஆகிறதாம். எனக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் காரியம் அது. நீங்களும் வாங்க என்று அவள் சொல்லவில்லை. அவள் கழுவிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது ஐயா. வேறு வார்த்தை இல்லை.

பெயர் வெட்டுவதற்கு முந்தின கடைசிக் கிழமை மழைக்குள் கொழுந்து எடுத்தாள். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு போகவில்லை போலிருக்கிறது, இடது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அட்டை கடித்திருந்தது. சீனி வருத்தக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறையும். அவளுக்குக் கடித்ததே தெரியவில்லை. அவள் துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் பார்த்தேன். விரல் இடுக்கு வெந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இந்தப் புண்ணோடயா பிள்ள பொறக்கப்போற வீட்டுக்குப் போகப்போற?" என்றேன்.

எங்கள் ஆட்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. நீர் வடிகிற புண்ணோடு பச்சைப்பிள்ளையோ பிள்ளைத்தாச்சியோ இருக்கிற வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். பிள்ளைக்குக் கரப்பான் படை வரும் என்பார்கள். வடிவு அதில் ரொம்பக் கண்டிப்பானவள். வீரம்மாவின் பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு மாதம் கழித்துப் போனவள், கையில் ஒரு சின்னக் கொப்புளத்துக்காக. அவள் பையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"சரி, பத்து நாளு பாப்போம். ஆத்தி விடுங்க. ரூபிக்கே ஆத்துன ஆளுதானே நீங்க."

முதல் பத்து நாள் நான் எல்லாம் முறையாகத்தான் செய்தேன். ஒரு தடவை கழுவினேன், ஒற்றி எடுத்தேன், காயவைத்தேன், விட்டேன். பொருக்கு கட்டியது. ஒன்பதாம் நாள் அது இறுகி, ஓரத்தில் புதுத் தோல் தெரிந்தது. வடிவு காலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, ஆறிப்போச்சு, சனிக்கிழமை கொழும்பு பஸ்ஸுக்குப் போகிறேன் என்றாள். பொருக்குக்கு அடியில் சீழ் நின்றால் ஆபத்து, மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே போய்விடும் என்று சொன்னேன். வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, ஊறவைத்து, உரித்துப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கவில்லை என்று அவளே சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை அவளால் போக முடியவில்லை.

லயத்துக் காம்பிராவில் தரை ஈரம் ஏறும். கூரையும் ஒழுகும். அந்த இடத்தில் எந்தப் புண்ணும் ஆறாது, குதிரைக்குக்கூட ஆறாது. அது மட்டுமில்லை, வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, லயமே வந்து வந்து காலை எட்டிப் பார்த்தது. வீரம்மா, ஏன் கிளினிக்குக்குக் காட்டவில்லை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்து சரிபுதீன் முதலாளி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், திரும்ப இரண்டு மாதம் ஆகும். மழைக்காலத்தில் சவாரி கிடையாது. என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். குதிரைக் கொட்டகையில் ரூபிக்குப் பக்கத்துத் தடுப்பு காலியாக இருந்தது. பலகைத் தரை, அதன் மேல் புது மரத்தூள், நல்ல கூரை. டவுனில் அதைவிடக் காய்ந்த இடம் கிடையாது. ஒரு கிழமை அங்கே படுத்துக்கொள், ஆறினவுடன் அங்கிருந்தே பஸ் ஏறலாம் என்றேன். பையோடு த்ரீவீலில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

லயத்தில், மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். மகளிடம், அம்மா லயத்தில்தான் இருக்கிறாள், கால் ஆறவில்லை, வர முடியாது என்று சொன்னேன். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தார்கள். சர்மிளா நிறைமாதக்காரி, அவளால் வந்து பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

தடுப்புக்குக் கதவு இரண்டு பாதியாக இருக்கும், கீழ்க்கதவு, மேல்கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். குதிரைக்குக் கட்டின இடம் என்பதால் அப்படி, நான் வைத்தது அல்ல. சாக்கில் வைக்கோல் அடைத்து மெத்தை போட்டேன். இரண்டு கம்பளி. வாளி வைத்தேன், காலையும் மாலையும் நானே கழுவினேன். மூன்று வேளையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவளுக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணி உயிர், எத்தனையோ வருஷமாகக் குடிக்காமல் இருந்தவள். கேட்கவில்லை, நானே போட்டுக் கொடுத்தேன். முப்பது வருஷம் மலையேறி இறங்கினவள் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டது அந்த ஏழு கிழமைதான். இதைப் பொலிசில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் எழுதவில்லை.

மாத்திரை இரண்டாவது கிழமையோடு முடிந்தது. கிளினிக் நாளன்று பெரிய மழை. அவள் கிளம்பப் பார்த்தாள், ஈரத்தில் கால் வைத்தால் இத்தனை நாள் பார்த்ததும் வீணாகிவிடும் என்று தடுத்தேன்.

தினமும் காலையில் முதலில் ரூபி. அவள் காலைத் தூக்கிப் பார்ப்பேன், காய்ந்திருக்கிறதா என்று தொடுவேன், விட்டுவிடுவேன். பிறகு வெந்நீர் வைத்துக்கொண்டு பக்கத்துத் தடுப்புக்குப் போவேன். வடிவின் காலை மடியில் வைத்து ஊறவைத்து, உரித்து, மருந்து போட்டு, துணி சுற்றுவேன். ரூபி காலை உதறுவாள், ஒரு தடவை என் தோளில் உதைத்தும் இருக்கிறாள். வடிவு உதறவில்லை. காலை என்னிடம் கொடுத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். புண் இடுக்கிலிருந்து மேலே வந்து, பாதத்தின் மேல்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஆனது.

அவள் போன் என்னிடம் இருந்தது. கொட்டகைக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. சர்மிளா ரொம்பக் கேட்டதால் ஒருநாள் வாசலில் நின்று கதவுக்கு மேலாக நானே போனைப் பிடித்துப் பேசவிட்டேன்.

"அம்மா, கால் எப்படி இருக்கு?"

"ஆறிக்கிட்டு வருது புள்ள."

"ஒங்க கொரல் ஒரு மாதிரி இருக்கேம்மா."

வடிவு என்னைப் பார்த்தாள். "தடுமல்டி," என்றாள். "மழ நிக்கவே இல்ல. நீ பத்தரமா இரு. அம்மா எப்படியும் வந்துருவேன்."

நான் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

நான்காவது கிழமை ஒருநாள், நான் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் ஏதோ கேட்டாள். அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு அடுத்த நாள் நான் புல் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, அவள் முழங்காலில் தவழ்ந்து வந்து, கீழ்க்கதவுக்கு மேலாகக் கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மரத்தூள். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தூக்கிப் படுக்கவைத்தேன். அதன் பிறகு மேல்கதவையும் சாத்த ஆரம்பித்தேன். காற்றும் ஈரமாகத்தான் இருந்தது.

ஆறாவது கிழமை விஜிதரன் போன் எடுத்து, பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். சந்தோஷம் என்று சொன்னேன். சந்தோஷமாகவும் இருந்தது. வடிவிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து நடக்கப் பார்ப்பாள், காலுக்குக் கெடுதல். இன்னும் நாள் இருக்கிறதாம் என்று சொன்னேன். அப்போது அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. சர்மிளாவுக்கு எத்தனையாவது மாதம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விரல்கள் இரண்டு கறுத்துவிட்டன. வாசனை வந்தது. மரத்தூளை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றினேன். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் த்ரீவீலில் பத்து நிமிஷம்.

ஹஜ்ஜுக்குப் போன முதலாளி அங்கிருந்தபடியே டொக்டர் தனுஷிகாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். இவ்வளவு மழை பெய்கிறது, ரூபியின் காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று. அது எனக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும், நான் தவிட்டு மூட்டையோடு திரும்பியபோது டொக்டரின் பைக் வாசலில் நின்றது. ரூபியின் காலைப் பார்த்து முடித்திருந்தார். அந்தக் காலில் அவர் ஒரு குறையும் கண்டிருக்க முடியாது. அப்படி வைத்திருந்தேன். ஆனால் அவர் பக்கத்துத் தடுப்பின் மேல்கதவைத் திறந்துகொண்டு அப்படியே நின்றார். வாசனைக்கு ஏதாவது செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத் திறந்திருக்கிறார்.

"அண்ணே, இது யாரு?"

"என் சம்சாரங்க."

அவர் சத்தம் போடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, வடிவின் காலில் இருந்த துணியைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு ரூபியின் காலைப் பார்த்த மாதிரியே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"உரிச்சீங்களா?"

நான் மூட்டையை இறக்கி வைத்தேன்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியும்தானே. நானே சொன்னேன்தானே ஒங்களுக்கு."

ஆம்புலன்ஸுக்கு அவர்தான் போன் பண்ணினார். அவர்தான் கூடவும் போனார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலையில் உயிர் போனது. அன்றைக்குப் பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள். வடிவுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

ஐயா, பொலிசில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு இடம் சரியில்லை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று. ஒன்பதாம் நாள் உரித்தபோது அடியில் சீழ் இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்று சொன்னேன். இருக்கவில்லை. புதுத் தோல் மூடியிருந்தது, ரூபிக்கு வந்த மாதிரியே, இளஞ்சிவப்பாக, நல்ல தோல். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. பொருக்கோடு சேர்த்து அதையும் உரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், எங்கெல்லாம் புதுத் தோல் கட்டியதோ அங்கெல்லாம் முதலில் கை வைத்தேன். ஆற்றத் தெரியாமல் செய்யவில்லை. எப்படிச் செய்தால் ஆறாது என்பதையும் டொக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

இரண்டாவது, நான்காவது கிழமை வடிவு கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லையா, தடுக்கவில்லையா என்று சார்ஜன்ட் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரூபிக்கு நிப்பாட்டுனீங்கல்ல. எனக்கு எப்பங்க நிப்பாட்டுவீங்க?"

என் காதில் நன்றாக விழுந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எத்தனை நாளாகத் தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்துகொண்டுதான் தினமும் காலை நீட்டியிருக்கிறாள். அந்த நிமிஷம் நிறுத்தியிருந்தால் கால் பிழைத்திருக்கும். நான் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தேன். ஆறியிருந்தது. எழுந்துபோய் வேறு தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து, விட்ட இடத்திலிருந்து செய்தேன்.

சர்மிளா என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். பச்சை உடம்புக்காரி, அலைய வேண்டாம். ஆனால் அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டார் என்று அவள் எல்லாரிடமும் சொல்கிறாளாம். அது நியாயமில்லை. முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளைக் கொல்ல எனக்கு எப்படி மனசு வரும்? ஒற்றைக் காலோடு எத்தனையோ பேர் நல்லபடியாக இருக்கிறார்கள். நான் தூக்கிக் குளிப்பாட்டியிருப்பேன், ஊட்டிவிட்டிருப்பேன், சாகிறவரைக்கும் ஒரு குறை வைத்திருக்கமாட்டேன். நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள் ஐயா. நான் எடுக்க நினைத்தது வடிவின் காலை மட்டும்தான்.